பழைய மோட்டார்ஹோமுக்கு இழுவை கூட்டுவது எப்படி: ராமநாதபுரம் கரையோரத்திலிருந்து ஒரு முழு வழிகாட்டி

பாம்பன் ரோட்டுப் பாலத்தில் படகு போவதற்காக நடுவே உயர்த்திக் கட்டியிருக்கிறார்களே, அந்த மேட்டில்தான் என் வண்டியின் உண்மையான நிலைமை எனக்குத் தெரிந்தது. ஆடி மாதம், ராமேஸ்வரத்திலிருந்து மண்டபம் பக்கம் திரும்பி வருகிறேன், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று இடது முன்பக்கம் வந்து அறைகிறது, நான்காவது கியரில் ஏறிய வண்டி மூன்றுக்கு வந்து, மூன்றிலும் தாங்காமல் இரண்டுக்கு வந்தது. பின்னால் சுற்றுலா வேன்கள் வரிசையாக ஹாரன். அந்தப் பாலத்து மேட்டுக்கே இப்படி என்றால் கொடைக்கானல் மலையில் குடும்பத்தோடு என்ன செய்யப் போகிறேன் என்று பயந்துபோய்த்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

என்னுடையது பஜாஜ் டெம்போ என்ற பெயரில் வந்த டிராவலர் வேன். அந்தக் கம்பெனி 2005இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. உள்ளே இருப்பது மெர்சிடிஸ் பென்ஸின் ஓஎம் 616 குடும்பத்தைச் சேர்ந்த 2.4 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் விசிறி) இல்லாத டீசல் இன்ஜின். சீட்டெல்லாம் எடுத்துவிட்டு கட்டில், அடுப்பு, தண்ணீர் டேங்க் வைத்து வீடாக மாற்றியது. கீழே நான் கொடுக்கும் அளவுகள் இந்த இன்ஜினுக்கானவை. உங்களுடையது வேறு இன்ஜின் என்றால் அதன் சர்வீஸ் புத்தகத்து அளவை எடுத்துக்கொள்ளுங்கள், வேலையின் வரிசை மட்டும் இதேதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய வண்டியில் பெரும்பாலும் நாம் சக்தியைக் கூட்ட வேண்டியதில்லை, தொலைந்ததைத் திரும்ப எடுத்தாலே போதும். உப்புக்காற்றும் மணலும் வெயிலும் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றதை ஒவ்வொன்றாக மீட்க வேண்டும். அதை விட்டுவிட்டு இன்ஜினுக்கு டீசலை அளந்து அனுப்பும் பம்ப்பை நேரே திருகினால் என்ன ஆகும் என்பதை நான் பட்டு அனுபவித்தேன், அதைப் பின்னால் சொல்கிறேன்.

எதையும் தொடுவதற்கு முன் அளந்து வையுங்கள்

"பிக்கப் கொஞ்சம் நல்லா இருக்கிற மாதிரி இருக்கு" என்பதெல்லாம் கணக்கில் சேராது. செலவு செய்த பிறகு எல்லா வண்டியும் நன்றாக ஓடுவது போலத்தான் தோன்றும். நம் மாவட்டத்தில் மேடே கிடையாது, ரோடு சமதளம், அது இந்த விஷயத்தில் பெரிய வசதி. ஏர்வாடியிலிருந்து சாயல்குடி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நேரான, ஆள் நடமாட்டமில்லாத ஒரு துண்டைத் தேர்ந்தெடுங்கள். விடிந்தவுடன், பனை ஓலை அசையாத நேரமாகப் பாருங்கள், ஓலை ஆடினால் அன்று அளக்க வேண்டாம். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, மூன்றாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்து 60 தொட எத்தனை விநாடி என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் போனில் குறிக்கட்டும். போகும்போது மூன்று தடவை, அதே இடத்தில் திரும்பி வரும்போது மூன்று தடவை, ஆறுக்கும் சராசரி.

இதிலிருந்து குதிரைசக்தியையே கணக்குப் போடலாம். வண்டி 3,500 கிலோ என்றால் 40லிருந்து 60க்கு அதைக் கொண்டுபோக ஏறத்தாழ 270 கிலோஜூல் வேண்டும். என் வண்டிக்கு முதலில் 14 விநாடி ஆனது. 270ஐ 14ஆல் வகுத்தால் 19.3 கிலோவாட், அதாவது 26 குதிரைசக்தி. காற்றையும் டயர் உராய்வையும் சமாளித்தது போக, வேகம் கூட்டுவதற்கு மிச்சமிருந்தது அவ்வளவுதான். எல்லா வேலையும் முடிந்த பிறகு 11 விநாடி, அதாவது 33 குதிரைசக்தி. ஏழு குதிரை கூடுதல், கெட்டதை மாற்றியதைத் தவிரப் புது சாமான் ஒன்றுகூட மாட்டாமல்.

அப்படியே ஒரு எடைமேடையில் ஏற்றி எடை போட்டுவிடுங்கள். தண்ணீர், கேஸ் சிலிண்டர், துணிமணி எல்லாம் ஏற்றிய நிலையில் போட வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையைத் தாண்டியிருந்தால் அதுதான் உங்கள் முதல் வேலை. நம் ஊரில் நிலத்தடி நீர் உப்பு, நல்ல தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கும் பழக்கம், அதனால் எங்கே கிளம்பினாலும் டேங்க்கை விளிம்பு வரை நிரப்பிக்கொண்டு ஓடுவோம். 300 லிட்டர் என்றால் 300 கிலோ, பெரிய ஆள் நாலு பேர் கூட ஏறிய மாதிரி. மலைக்குப் போகிறீர்கள் என்றால் 50 லிட்டர் போதும், வத்தலக்குண்டில் நல்ல தண்ணீர் கிடைக்கும்.

வண்டியைப் பிடித்து இழுப்பவற்றை விடுவியுங்கள்

இன்ஜின் மூடியைத் திறக்கவே வேண்டாம், முதலில் சக்கரம். கடலோரம் நிறுத்தி வைக்கும் வண்டியில் பிரேக் ஷூ டிரம்மில் லேசாக ஒட்டிக்கொண்டே ஓடும், ஹேண்ட் பிரேக் கேபிள் துருவேறி முழுக்கத் திரும்பாது. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, முடிந்தவரை பிரேக் போடாமல் நிறுத்தி, நான்கு சக்கரத்து நடுப்பகுதிக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், சூடே சொல்லிவிடும். ஒன்று மட்டும் கொதித்தால் அதுதான் பிடிக்கிறது. ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றினால் சந்தேகமே இருக்காது. என் வண்டியில் பின் இடதுபுறம் அப்படித்தான் இருந்தது, டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்து கேபிள் மாற்றியதிலேயே ஒரு விநாடி குறைந்துவிட்டது.

டயர் காற்றைக் கம்பெனி சொன்ன அளவுக்கு வையுங்கள். தனுஷ்கோடி மணலுக்காகக் குறைத்துவிட்டு மறந்துபோய் அப்படியே ஓட்டுபவர்கள் நிறைய. டயர் மாற்றும்போது பார்வைக்கு நன்றாக இருக்கிறதென்று பெரிய சைஸ் போட்டிருந்தால் கியர் விகிதமே மாறிப்போயிருக்கும். டயர் விட்டம் பத்து சதவீதம் கூடினால் சக்கரத்தில் கிடைக்கும் இழுவை ஏறத்தாழ அதே அளவுக்குக் குறையும். பழைய சைஸுக்குத் திரும்புவதுதான் இருப்பதிலேயே மலிவான பவர்.

கூரை மேலே கட்டிய கேரியர், பாய்ச்சுருள், சைக்கிள் எல்லாம் காற்றில் தடை. காற்றை வெல்லத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏறும், அதனால் 60இல் பெரிதாகத் தெரியாதது 80இல் கழுத்தைப் பிடிக்கும். கழற்ற முடிந்ததைக் கழற்றுங்கள்.

பெடல் முழுக்கப் போகிறதா?

இதை நான் தனியாக எழுதக் காரணம் இருக்கிறது. வேனை வீடாக மாற்றும்போது தரையில் பிளைவுட் அடித்து, அதன் மேல் மேட் ஒட்டுவோம். டிரைவர் பக்கத்திலும் அதே மேட் வந்து, ஆக்ஸிலேட்டர் பெடல் தரையைத் தொடும்போது பம்ப்பில் உள்ள லீவர் அதன் கடைசி ஸ்க்ரூவைத் தொட்டிருக்காது. ஒருவரைப் பெடலை அழுத்தச் சொல்லி, இன்ஜின் ஓடாத நிலையில், நீங்கள் பம்ப் பக்கம் நின்று பாருங்கள். லீவர் கடைசிவரை போகாமல் ஒரு விரல் இடம் இருந்தால் உங்கள் இன்ஜின் இத்தனை நாளாக முழுசாக உழைத்ததே இல்லை. அந்த மேட் விரிப்பை வெட்டுங்கள், கேபிள் அட்ஜஸ்ட்மென்ட்டைச் சரி செய்யுங்கள், துருப்பிடித்த கேபிளை மாற்றுங்கள். முந்நூறு நானூறு ரூபாய் வேலை. எனக்கு இதில்தான் பெரிய வித்தியாசம் தெரிந்தது, இரண்டு வருடம் அந்த விரிப்போடு ஓட்டியிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

காற்று

டீசல் இன்ஜினின் சக்தி என்பது அது உள்ளே இழுக்கும் காற்றின் அளவுதான். காற்று இருந்தால்தான் டீசல் எரியும், இல்லாவிட்டால் கறுப்புப் புகையாகப் போகும். நம் பக்கம் ரோட்டோர மணலும், வாலிநோக்கம் பக்கத்து உப்பளக் காற்றும் ஏர் ஃபில்டரைச் சீக்கிரம் அடைத்துவிடும். கம்ப்ரஸரில் ஊதி ஊதி மறுபடி போடாதீர்கள். பேப்பர் ஃபில்டரை ஊதினால் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும், அதன் வழியே மணல் போய் சிலிண்டரின் உள்சுவரான லைனரைத் தேய்க்கும். புதிதாகவே மாற்றுங்கள். ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? பல வண்டிகளில் முன்பக்கத்துக் குழாய் உடைந்து, ஃபில்டர் இன்ஜின் சூட்டையே இழுத்துக்கொண்டிருக்கும். காற்று 10 டிகிரி சூடானால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 3 சதவீதம் குறையும். வெளியே 36, இன்ஜின் பக்கத்தில் 66 என்றால் கிட்டத்தட்ட 9 சதவீதக் காற்று அங்கேயே போயிற்று. முன்பக்கக் கிரில்லிலிருந்து குளிர்ந்த காற்று வரும்படி குழாயைச் சரியாக அமையுங்கள், ஆனால் மழைத்தண்ணீர் ஏறாத உயரத்தில் வாய் இருக்கட்டும்.

போகிற வழியும் முக்கியம். உப்புக்காற்றில் சைலன்சர் உள்ளுக்குள் துருப்பிடித்து, தகடு கழன்று விழுந்து வழியை அடைக்கும், வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். ரப்பர் சுத்தியலால் தட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வந்தால் மாற்றிவிடுங்கள். சைலன்சரையே எடுத்துவிட்டு ஓட்டினால் பவர் வரும் என்பதை நம்பாதீர்கள், டர்போ இல்லாத டீசலில் கிடைப்பது சத்தம்தான்.

டீசல்

மோட்டார்ஹோம் மாதக்கணக்கில் நிற்கும். பாதி காலியான டேங்க்கில் ஈரக்காற்று குளிர்ந்து தண்ணீராகி அடியில் தங்கும், அதில் வழவழப்பாகப் பாசி மாதிரி ஒன்று வளர்ந்து டேங்க்குக்குள் இருக்கும் சல்லடையை மூடும். அறிகுறி எப்படி என்றால், கிளம்பும்போது நன்றாக ஓடி, அரைமணி நேரம் மிதித்து ஓட்டிய பிறகு வண்டி சோர்ந்து போகும், பத்து நிமிடம் நிறுத்தினால் மறுபடி நன்றாகிவிடும். இப்படி இருந்தால் டேங்க்கை இறக்கிக் கழுவியே ஆக வேண்டும். பிறகு இரண்டு டீசல் ஃபில்டரையும் மாற்றி, நீர் பிரிப்பானின் அடியிலுள்ள பிளக்கை மாதம் ஒருமுறை திறந்து தண்ணீர் வடியுங்கள். நிறுத்தி வைக்கும்போது டேங்க்கை நிரப்பியே வையுங்கள்.

டேங்க்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப்புக்கு வரும் ஹோஸில் சின்ன வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். ஒரு அடி நீளத்துக்குக் கண்ணாடி மாதிரித் தெரியும் டியூபைத் தற்காலிகமாகப் போட்டு ஓட விட்டுப் பாருங்கள், குமிழி ஓடினால் ஹோஸ், கிளிப் எல்லாம் புதுசு.

சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரைக் கழற்றி, அதன் முனையான நாசிலைச் சோதிக்கும் டெஸ்டரில் போட்டுப் பார்க்க வேண்டும். இந்த இன்ஜினுக்கு 115 பார் (அழுத்தத்தின் அலகு) சுற்றுவட்டாரத்தில் திறக்க வேண்டும், நான்கும் ஒரே அழுத்தத்தில் திறப்பது அதைவிட முக்கியம். ஒன்று சொட்டிக்கொண்டிருந்தால் கறுப்புப் புகையும் தட்டல் சத்தமும் வரும். நான் கீழக்கரையில் பம்ப் வேலை பார்க்கும் ஒரு காக்காவிடம் (அங்கே முஸ்லிம் அண்ணன்களை அப்படித்தான் கூப்பிடுவோம்) கொடுத்தேன். "நாலுல ரெண்டு நாசில் சொட்டுது தம்பி, நீங்க எப்படி இதை வச்சு ஓட்டினீங்க?" என்றார். நான்கு நாசிலும் மாற்றினோம்.

மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகு இன்ஜின் பார்க்கும் மெக்கானிக்குகள் டீசல் விஷயத்தில் கெட்டிக்காரர்கள், எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அவர்களைத் தேடிப் போகாதீர்கள். படகுகளெல்லாம் கரையில் நின்று இன்ஜின் வேலை நடக்கும் காலம் அது, உங்கள் வண்டிக்குப் பொறுமையாக நேரம் கொடுக்க அவர்களால் முடியாது.

டாப்பெட், கம்ப்ரஷன், டைமிங்

இன்ஜின் ஆறிய நிலையில் டாப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ள சந்து), உள்ளே போகும் வால்வுக்கு 0.10 மில்லிமீட்டர், புகை வெளியேறும் வால்வுக்கு 0.30. இடைவெளி குறைந்தால் வால்வு முழுக்க மூடாது, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று நசுங்கும் அழுத்தம்) கசியும், கடைசியில் வால்வே கருகும். ஒரு மணி நேர வேலை, இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

அதன் பிறகு கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். டாப்பெட்டுக்கு முன் பார்த்தால் தவறான அளவு வரும். நல்ல இன்ஜினில் 22லிருந்து 24 பார், 15க்குக் கீழே போனால் ஆயுள் முடிந்தது, சிலிண்டருக்குச் சிலிண்டர் 3 பாருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. இது தேறவில்லை என்றால் இத்தோடு நிறுத்திவிட்டு இன்ஜின் வேலைக்குப் பணம் சேர்த்துக்கொள்ளுங்கள். தேய்ந்த இன்ஜினில் வேறு எதைச் செய்தாலும் காசு கரியாகும்.

பம்ப் டைமிங், அதாவது டீசல் அனுப்பத் தொடங்கும் நேரம், 24 டிகிரி, பிஸ்டன் மேலே வருவதற்கு முன். வருடக்கணக்கில் ஓடிய டைமிங் செயின் நீளும், நீண்டால் டீசல் தாமதமாகப் பீச்சும், வண்டி சோம்பலாகி காலையில் வெள்ளைப் புகை தள்ளும். முதல் சிலிண்டர் பைப்பைக் கழற்றி டீசல் சொட்டு நிற்கும் புள்ளியைப் பார்த்து வைக்கும் பழைய முறையே போதும், ஆனால் அது தெரிந்த கை வேண்டும்.

புகை நிறத்தைப் பழகிக்கொள்ளுங்கள்: கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம், வெள்ளை என்றால் டீசல் எரியாமல் வருகிறது, நீலம் என்றால் ஆயில் எரிகிறது.

சூடும், தெர்மோஸ்டாட்டும்

"நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு?" என்று கழற்றி எறிந்துவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இந்த இன்ஜினில், சூடு ஏறினால் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே, ரேடியேட்டரைத் தொடாமல் சுற்றும் பைபாஸ் வழியை அடைக்கும். அதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். சும்மா ஓடும்போது சூடு ஏறாமல் டீசல் சரியாக எரியாது, மலையிலோ அளவுக்கு மேல் சூடாகும், இரண்டு பக்கமும் நஷ்டம். நல்லதாக ஒன்று வாங்கி மாட்டுங்கள்.

ரேடியேட்டரின் தகடுகளைக் கையால் தேய்த்துப் பாருங்கள், உதிர்ந்தால் உப்பு தின்றுவிட்டது. கடலோரம் போய்வந்த ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரால் உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகக் கழுவுங்கள். கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள்.

வீட்டு பேட்டரியை ஆல்டர்னேட்டரில் சார்ஜ் ஏற்றுபவர்கள் கவனிக்க: 80 ஆம்பியர் போனால் இரண்டு குதிரைக்கு மேல் இன்ஜினிலிருந்து போகிறது. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஓடுகிற அளவுக்கு வெயில் உள்ள மாவட்டம் நம்முடையது, அந்த வேலையைக் கூரைப் பேனலுக்கு விட்டுவிடலாம்.

பம்ப் ஸ்க்ரூ

இப்போது அந்தக் கதை. எல்லாவற்றுக்கும் முன்பாக ஒரு பட்டறையில் "பம்ப்பைக் கொஞ்சம் கூட்டிவிட்டா பறக்கும்" என்றார்கள், நானும் சரி என்றேன். சீலை உடைத்து ஸ்க்ரூவைத் திருகினார்கள். உண்மையாகவே இழுத்தது, இரண்டு வாரம். பின்னால் கரும்புகை. உச்சிப்புளி தாண்டி ஒரு மத்தியானம் சூடு காட்டும் ஊசி சிவப்புக்குப் போய், சிலிண்டர் தலைக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. எரிய காற்று இல்லாத இடத்தில் டீசலைக் கூட்டியதால் வந்த சூடு அது. ஃபில்டரும் நாசிலும் ரேடியேட்டரும் கெட்டுக் கிடந்த இன்ஜினுக்கு நான் செய்தது கொடுமை.

செய்யவே கூடாது என்றில்லை. மேலே சொன்னது அத்தனையும் முடிந்த பிறகு, பம்ப்பைக் கழற்றி, டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, நான்கு சிலிண்டருக்கும் ஒரே அளவு டீசல் போகிறதா என்று சரி செய்து, கம்பெனி அளவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். தேய்ந்த பம்ப்பில் அதுவே நல்ல முன்னேற்றம் தரும். முழுக்க மிதித்தாலும் புகை லேசான மங்கலாக மட்டும் தெரிய வேண்டும், அதைத் தாண்டினால் அதிகம்.

டர்போ போடலாமா?

டர்போ இல்லாமல் வந்த இன்ஜினுக்கு வெளியிலிருந்து டர்போ மாட்டுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். 21க்கு 1 என்ற கம்ப்ரஷன் உள்ள இன்ஜின் இது, பிஸ்டனும் கூலிங்கும் அந்தச் சூட்டுக்குத் தயாராகச் செய்யப்பட்டவை அல்ல. டர்போவுடனேயே வந்த வண்டி என்றால் ஹோஸ் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பாருங்கள், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் தகட்டில் உப்பு அரிப்பு பாருங்கள், பெரும்பாலும் பிரச்சினை அங்கேதான். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் பீச்சும் காமன் ரெயில் வண்டிக்கு அந்தக் கம்ப்யூட்டரின் அளவுகளை மாற்றி ரீமேப் செய்கிறார்கள். பவர் ஏறும், ஆனால் கிளட்ச், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாம் பழையவை என்பதை மறக்கக் கூடாது.

சட்டமும் உண்டு. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது, இன்ஜின் மாற்றுவதென்றால் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்த்தும் வரலாம். இன்ஷூரன்ஸும் சிக்கலாகும். நான் சொன்ன மற்ற வேலையெல்லாம் வெறும் பராமரிப்பு, அதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

மலைக்குக் கிளம்பும் முன்

ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு அதே ரோட்டில் விநாடி எடுத்து நோட்டில் எழுதுங்கள். எல்லாம் முடிந்து 500 கிலோமீட்டர் ஓடியதும் டாப்பெட், ஹோஸ் கிளிப், தண்ணீர் அளவை மறுபடி பாருங்கள்.

கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், அங்கே காற்றின் அடர்த்தி நம் கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் அந்த அளவுக்கு இளைக்கத்தான் செய்யும், அதைக் கோளாறு என்று நினைத்துப் பம்ப்பைத் தொடாதீர்கள். ஏசியை அணைத்துவிட்டு, இன்ஜின் திணறத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, சத்தம் சீராக இருக்கும் வேகத்தில் ஏறுங்கள். பின்னால் வரும் வண்டிகளுக்கு அகலமான இடத்தில் ஒதுங்கி வழி விடுங்கள். இறங்கும்போதும் ஏறிய அதே கியர், பிரேக்கை நம்பி நியூட்ரலில் விடவே கூடாது.

போன ஆடியில் அதே பாம்பன் மேட்டை, அதே கச்சான் காற்றில், மூன்றாவது கியரிலேயே ஏறிவிட்டேன்.